ஸ்பிரிங் கம்ப்ரசர்: எத்தனை சுற்றைப் பிடிக்கும் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது, 92,000 கி.மீ. ஓடிய வண்டி. ஹம்ப் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'தொம் தொம்' என்று அடிக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங் சுற்றியிருக்கும் ஷாக் அப்சார்பர்) எண்ணெய் கசிந்து நனைந்திருக்கின்றன. ஜே.சி. ரோடில் புது ஸ்ட்ரட் ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டேன். எங்கள் தெரு மெக்கானிக், பழைய ஸ்பிரிங்கைப் புது ஸ்ட்ரட்டுக்கு மாற்ற, அதைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு, அடைத்து வைத்திருக்கும் நடு நட்டைக் கழற்றலாம், கருவியெல்லாம் எதற்கு என்கிறார். எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஜாக்கி, ஸ்டாண்டு, சாக்கெட் செட் உண்டு. பிரேக் பேட் நானே மாற்றிப் பழக்கம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க, இரண்டு கொக்கித் தண்டுகள் கொண்ட ஸ்பிரிங் கம்ப்ரசர் ஆன்லைனில் மலிவாக வருகிறது. அது போதுமா, ஹைட்ராலிக் வாங்கவேண்டுமா? மைத்துனரின் போலோவுக்கும் அதையே பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: கட்டுக்கம்பிக்கு நீங்கள் சம்மதிக்காதது நல்லது. கம்பியின் முடிச்சு இறுகி நிற்பதுபோல் தெரியும். நட்டின் கடைசி மரை விடும்போதுதான் முழு பாரமும் அதன்மேல் வரும். முடிச்சு நழுவ அந்த ஒரு நொடி போதும். நைலான் கயிறு இன்னும் மோசம், பாரம் ஏறியதும் நீளும்.

உள்ளே எவ்வளவு விசை அடைபட்டிருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். கருவி தேர்வு முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் அழுக்க 2 கிலோ விசை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள்; சிறிய காரின் முன்பக்கத்துக்கு இது நடப்புக்கு ஒத்த அளவுதான். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் போட்ட பிறகும், மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே ஸ்பிரிங் தன் இயல்பு நீளத்தைவிட 100 மி.மீ. குறுகி நிற்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அந்த நடு நட்டை 200 கிலோ விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. சேமிப்பில் உள்ள ஆற்றல் சுமார் 100 ஜூல். ஸ்ட்ரட்டின் தலையை வண்டியின் பாடியோடு இணைக்கும் மேல் மவுண்ட், ஒரு கிலோ எடை என்று கொண்டால், அதை முழுதாக வாங்கிக்கொண்டு கிளம்பினால் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும். குனிந்து வேலை செய்பவரின் முகம் அங்கிருந்து ஓர் அடி தூரத்தில் இருக்கிறது.

கருவியால் இந்த 100 மி.மீட்டரைப் பிடித்து வைத்தால்தான் தட்டுகளின் மேல் அழுத்தம் போய் நட்டு சும்மா சுழலும். பெரும்பாலானவர்கள் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. கொக்கிகளுக்கு நடுவே அகப்பட்ட சுற்றுகள் மட்டுமே அழுந்தும். வெளியே இருக்கும் சுற்றுகள் தளர்ந்து பழைய நீளத்துக்குப் போய்விடும். ஆகவே மொத்தக் குறுகலையும் அகப்பட்ட சுற்றுகளே ஏற்கவேண்டும். ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று ஐந்து என்றால், ஐந்தையும் பிடித்தால் தண்டுகளுக்கு வரும் மொத்த விசை 200 கிலோ. நான்கைப் பிடித்தால் 250. மூன்று என்றால் 330-ஐத் தாண்டும். இரண்டே இரண்டு என்றால் 500 கிலோ. அதற்கு முன்பே அந்த இரண்டு சுற்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, மேலே இறுக்க வழியில்லாமல் நின்றுவிடவும் வாய்ப்புண்டு. அப்போது பலர் செய்வது, "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஸ்பேனரில் குழாயை மாட்டி நெம்புவது. மரை போவதும் கொக்கி விரிவதும் அந்த இடத்தில்தான்.

விளம்பரத்தில் 'ஒரு டன் தாங்கும்' என்று போட்டிருப்பதை அதனால் ஓரளவுக்குத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தக் கருவியின் தண்டு நீளமும் வாயின் (கொக்கி உள்ள பகுதியின்) வடிவமும் உங்கள் ஸ்பிரிங்கில் எத்தனை சுற்றைப் பிடிக்கவிடும் என்பதே முதல் கேள்வி.

அதற்கு அளவு எடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட் தொங்கும் நிலையிலேயே நான்கு அளவுகள்: ஸ்பிரிங் கம்பியின் தடிமன்; சுருளின் வெளி விட்டம், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, ஏனென்றால் பல ஸ்பிரிங்குகள் பீப்பாய்போல நடுவில் அகன்றிருக்கும்; இரண்டு சுற்றுக்கு நடுவிலான இடைவெளி; கீழ்த் தட்டின் விளிம்பிலிருந்து மேல் தட்டு வரை உயரம். வெர்னியர் இல்லாவிட்டால் ஸ்கேலும் ஒரு நூலும் போதும். கொக்கியின் தடிமன் சுற்று இடைவெளிக்குள் நுழையவேண்டும். தண்டு கீழ்த் தட்டில் முட்டாமல் நேராக நிற்கவேண்டும். கடைசியில் சொன்ன இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கீழ்த் தட்டு ஸ்பிரிங்கைவிட அகலமாக இருந்தால் தண்டின் அடிநுனி தட்டில் இடித்து, தண்டு சாய்ந்துவிடும். அல்லது ஒரு சுற்று மேலே ஏறிப் பிடிக்கவேண்டி வரும். சுற்று குறைந்தால் விசை கூடும் என்பதுதான் மேலே பார்த்த கணக்கு.

இனி கருவிகள். நீங்கள் பார்த்தது இரட்டைத் தண்டு வகை. பெங்களூருவில் நடைபாதைப் பட்டறை முதல் பெரிய ஒர்க்‌ஷாப் வரை எல்லோரும் ஒருமுறையாவது கையில் எடுத்திருப்பார்கள். நல்லதாக வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தினால் வேலை செய்யும். மட்டமானதை வாங்கினால் கட்டுக்கம்பிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆன்லைன் படத்தை நம்பாமல் எஸ்.பி. ரோடு கருவிக் கடைகளில் கையில் எடுத்துப் பார்ப்பதே மேல்.

பார்க்கும்போது மரையை முதலில் கவனியுங்கள். சாதாரண போல்ட்டில் இருப்பதுபோல் கூரான மரையாக இருந்தால் வைத்துவிடுங்கள். வைஸின் தண்டில் இருக்குமே, தட்டையான தலையோடு தடித்த மரை, அந்த வகை வேண்டும். வாய்க்கட்டையைக் கையால் தண்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டிப் பாருங்கள். எங்கும் பிடிக்கக்கூடாது, ஆடி ஆடியும் வரக்கூடாது. கொக்கி அடித்து உருவாக்கிய இரும்பா, வார்ப்பா என்று பாருங்கள். மேற்பரப்பு மணல்மணலாக, முனைகள் மழுங்கி இருந்தால் அநேகமாக வார்ப்பு. வார்ப்பு வளையாது, சொல்லாமல் கொள்ளாமல் உடையும். ஒவ்வொரு வாயிலும் ஒற்றைக் கொக்கி இல்லாமல், சுருளை இரண்டு இடத்தில் பிடிக்கும் இரட்டைக் கொக்கி இருந்தால் ஸ்பிரிங் பக்கவாட்டில் நழுவாது.

அப்புறம் பூட்டுப் பின். கொக்கிக்குள் சுருள் உட்கார்ந்ததும், வெளியே வரமுடியாதபடி குறுக்கே ஒரு பின் அல்லது பிடிதகடு விழவேண்டும். இது இல்லாத கம்ப்ரசரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரட்டைத் தண்டு வகையில் நடக்கும் விபத்துகளில் தண்டு முறிவது குறைவு. ஒரு பக்கக் கொக்கி சுருளின் மேல் மெல்ல நகர்ந்து வழுக்கி, மொத்த பாரமும் எதிர்ப்பக்கம் போவதுதான் அதிகம். சுருள் ஒரு சரிவு என்பதை மறந்துவிடுகிறோம். இறுக்க இறுக்கக் கொக்கி அந்தச் சரிவில் இறங்கப் பார்க்கும்; பீப்பாய் வடிவ ஸ்பிரிங்கில் இன்னும் வேகமாக.

பழைய கருவியை இரவல் வாங்குவதாக இருந்தால் தண்டைக் கண்ணாடி மேஜையில் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் தள்ளாடும்.

இரண்டாவது வகை, ஒற்றைத் தண்டும் இரண்டு பிறை வடிவத் தட்டுகளும். தட்டு சுருளைப் பாதி வட்டத்துக்கு மேல் தாங்கிப் பிடிப்பதால் வழுக்கும் பேச்சே குறைவு. ஆனால் தட்டின் அளவு ஸ்பிரிங் விட்டத்தோடு பொருந்தவேண்டும். வண்டிக்கு வண்டி வேறு தட்டு கேட்கும். ஒரே கம்பெனி வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு நல்ல முதலீடு, உங்களுக்கு வீண்.

மூன்றாவது, நிற்கவைத்த சட்டத்தில் ஹைட்ராலிக் ஜாக்கியோ பெரிய திருகோ வைத்த மேடை வகை. ஸ்ட்ரட் செங்குத்தாக நிற்கும், மேலே இரண்டு கைகள் சுருளைப் பிடிக்கும், கீழிருந்து தள்ளும். இரண்டு பக்கமும் தானாகவே சமமாக அழுந்தும், தண்டை மாற்றி மாற்றித் திருகும் வேலை இல்லை. சிலவற்றில் முன்னால் கம்பிக் கூண்டும் உண்டு. விலை கொக்கி வகையைப்போலப் பல மடங்கு, இடமும் வேண்டும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் இதை நிறுத்தினால் ஸ்பிரிங்குக்கு முன் சங்கச் செயலாளர் பாய்வார்.

உங்களுக்கு நேரடி பதில்: இரண்டு வண்டிதான் என்றால் கம்ப்ரசரே வாங்கவேண்டாம். ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றுவதில் ஸ்பிரிங் விசைக்கு வேலையே இல்லை, அதை நீங்களே செய்யலாம். கழற்றிய இரண்டையும், புது ஸ்ட்ரட்டுகளையும் ஒரு பையில் போட்டு, மேடை வகைக் கருவி இருக்கும் சஸ்பென்ஷன் கடைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங் மாற்றும் கூலி மட்டும் கொடுங்கள். பேசும்போதே "கருவி எங்கே, பார்க்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். கொக்கியை எடுத்துக் காட்டினால் பின் இருக்கிறதா என்று பார்க்க இப்போது உங்களுக்குத் தெரியும். ஜே.சி. ரோடில் உதிரிபாகக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். தாமதித்தால், ஒரு மவுண்ட் குறைந்தாலும் வண்டி இரண்டு நாள் ஸ்டாண்டிலேயே நிற்கும்.

மவுண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது: நீங்கள் ஸ்ட்ரட் மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். 92,000 கி.மீ. ஓடிய வண்டியில் மேல் மவுண்ட் ரப்பர், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசிக் குழாய் எல்லாம் அதே வயதுதான். ஆபத்தான கட்டம் ஸ்பிரிங்கைத் திறப்பது. அதை ஒருமுறைதான் செய்யவேண்டும், எனவே இவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் ஒடிக்கும்போது 'டங்' என்று ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தம் கேட்டால் பேரிங் இறுகிவிட்டது என்று பொருள். நடு நட்டும் புதிதாக வாங்குங்கள், தானே பூட்டிக்கொள்ளும் நட்டை இரண்டாம் முறை போடக்கூடாது. கூடவே லிங்க் ராடை (ஸ்ட்ரட்டை ஆன்டி-ரோல் பாரோடு இணைக்கும் சிறு கம்பி) கையால் ஆட்டிப் பாருங்கள். 'தொம்' சத்தத்தில் பாதி அதிலிருந்து வருவதுண்டு. அதைக் கவனிக்காமல் ஸ்ட்ரட்டை மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லையே என்று திரும்பி வருவார்கள்.

கழற்றும்போது பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயர் இருந்தால் அதையும் ஸ்ட்ரட்டின் பிடியிலிருந்து முதலில் விடுவியுங்கள். நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் துருப்பிடித்து நிற்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். போல்ட் எடுத்ததும் நக்கிள் வெளியே சாயும். அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது. கட்டுக்கம்பிக்கு இந்த வேலையில் உள்ள ஒரே உருப்படியான பயன் இது. மேலே எஞ்சின் அறையில் எதைக் கழற்றுகிறோம் என்பதில் நிதானம் வேண்டும். சில மாடல்களில் மவுண்டைச் சுற்றி இரண்டு மூன்று சிறு நட்டுகள் பாடியைப் பிடித்திருக்கும். அவற்றில் நடு நட்டைத் தொடவே கூடாது, அதுதான் ஸ்பிரிங்கை அடைத்து வைத்திருப்பது. வேறு சிலவற்றில் நடுவில் மேல் நட்டு ஒன்று பாடிக்கும், அதற்கடியில் இன்னொன்று ஸ்பிரிங்குக்கும் இருக்கும். சர்வீஸ் மேனுவலின் படத்தை ஒருமுறை பார்க்காமல் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஸ்பிரிங்கை நானே திறப்பேன் என்றால், கொக்கி வகையில் முறை இது. மரை முழுக்க கிரீஸ் தடவுங்கள். உலர்ந்த மரை சூடேறித் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். ஸ்ட்ரட்டைத் தரையில் படுக்கவைத்து, அதன் தலை சுவரைப் பார்க்கும்படி திருப்புங்கள். அந்த நேர்கோட்டில் நீங்களும் வேண்டாம், டார்ச் பிடிக்கும் பையனும் வேண்டாம். பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங், மேல் தட்டு, மவுண்ட் மூன்றின் மேலும் ஒரே கோட்டில் பெயிண்ட் பேனாவால் கீறுங்கள்.

தண்டுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரே நிற்கவேண்டும். கொக்கிகளை எட்டும் அளவுக்கு மேலேயும் கீழேயும் தள்ளி மாட்டி, பின்களைப் போடுங்கள். கொக்கி சுருளைத் தொடும் இடத்தில் கருவியோடு வந்த பிளாஸ்டிக் உறை இருந்தால் மாட்டுங்கள். ஸ்பிரிங்கின் மேல்பூச்சு கீறினால் அந்தக் கீறலில் துருப்பிடித்து, பிற்பாடு அங்கேயே ஸ்பிரிங் ஒடியும். பிறகு தண்டை ஒரு பக்கம் இரண்டு திருகு, மறுபக்கம் இரண்டு திருகு என்று கை ராட்செட்டால் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இம்பாக்ட் கன் கூடவே கூடாது: வேகத்தில் மரை சூடேறிக் கடித்துக்கொள்ளும், எந்தப் பக்கம் எவ்வளவு போனது என்ற உணர்வும் கைக்கு வராது. ஐந்தாறு முறைக்கு ஒருதரம் நிறுத்தி, ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் பாருங்கள். வாழைப்பழம்போல வளைந்தால் ஒரு பக்கம் கூடிவிட்டது. கூடிய பக்கத்தைத் தளர்த்துங்கள். குறைந்த பக்கத்தை இறுக்கிச் சமன்செய்யப் பார்க்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது? ஸ்பிரிங்கின் ஒரு முனை தட்டை விட்டுச் சற்றே விலகி, முழு ஸ்பிரிங்கும் கையால் ஆட்டினால் ஆடும் அந்தக் கணத்தில். அதற்கு மேல் ஒரு திருகும் வேண்டாம். அது ஆடாதவரை நடு நட்டில் கை வைக்கக்கூடாது.

நடு நட்டைக் கழற்றும்போது ஸ்ட்ரட்டுக்குள் ஏறி இறங்கும் ராடு கூடவே சுழலும். அதை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருகுங்கள். ராடைப் பிளையரால் பிடித்தால் பளபளப்பில் விழும் கீறல் ஒவ்வொரு ஹம்ப்பிலும் சீலைக் கிழிக்கும். புது ஸ்ட்ரட் சில மாதங்களில் மறுபடி நனைந்து நிற்கும். வைஸில் வைப்பதென்றால் அடிப்பிடியை வையுங்கள், உருளையை நசுக்காதீர்கள்.

புது ஸ்ட்ரட்டைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து ராடை நான்கைந்து முறை முழுக்க அழுத்தி இழுங்கள். படுத்தே கிடந்ததில் உள்ளே எண்ணெயோடு கலந்த காற்று பிரிந்துவிடும். ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டில் உள்ள படியில் முட்டி உட்காரவேண்டும். மேல் நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்கிய பிறகுதான் தண்டுகளைத் தளர்த்தவேண்டும், அதுவும் மாற்றி மாற்றி, நுனி படியைவிட்டு நகர்கிறதா என்று பார்த்தபடி. அழுத்திய ஸ்பிரிங்கை இரவு முழுக்க மூலையில் சாத்தி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கடையில் செய்தாலும் வீட்டில் செய்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும், அதற்குத்தான் ஜோடியாக வாங்கியிருக்கிறீர்கள். நக்கிள் போல்ட் கழன்றதால் சக்கரத்தின் சாய்வு அநேகமாக மாறியிருக்கும். வண்டி இறங்கியதும் முதல் பயணம் அலைன்மெண்ட் கடைக்கு. ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கின்றன, அங்கே இந்தக் கருவிக்கு வேலையில்லை.

போலோவின் பின்பக்கமும் அப்படித்தான். முன்பக்கம் மட்டும் உங்கள் வண்டிபோல இல்லை: ஸ்ட்ரட் இரண்டு போல்ட்டில் தொங்காது, நக்கிளின் பிளவுபட்ட பிடிக்குள் குழாய்போலச் செருகியிருக்கும். போல்ட்டை எடுத்தாலும் வராது. பிளவைச் சற்று விரிக்கும் ஒரு சின்ன விரிப்பான் வேண்டும். இல்லாமல் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தால் பிடி சிதையும். கம்ப்ரசருக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து இந்த விரிப்பானை வாங்கிக்கொடுங்கள், மைத்துனருக்கு அதுதான் உதவும்.